மஞ்சளும் கிரீன் டீயும் மூளையில் திரளும் புரதத்தைக் கரைக்குமா?

அப்பாவுக்கு 71 வயது, மூன்று வருடமாகப் பார்க்கின்சன், லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமினும் கிரீன் டீயில் உள்ள ஒரு பொருளும் மூளையில் படியும் புரதக் கட்டிகளைக் கரைத்துவிடும், இது ஆராய்ச்சியில் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லும் வீடியோவை உறவினர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். நீங்களும் குர்குமினும் மிளகுச் சத்தும் கலந்த கேப்சூல் ஒரு டப்பா வாங்கிவிட்டீர்கள். அதைக் கொடுக்கலாமா, கொடுத்தால் மாத்திரையைக் கொஞ்சம் குறைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தாவரப் பொருள்கள் புரதம் திரள்வதைத் தடுக்கின்றனவா? தடுத்தால், அது உயிருள்ள மனிதர் மூளையிலும் நடக்கிறதா? நடந்தால், உங்கள் அப்பாவுக்கு அதனால் நன்மை உண்டா? வீடியோ முதல் கேள்விக்கான பதிலை எடுத்து மூன்றாவது கேள்விக்குக் கொடுத்துவிட்டது. குழப்பம் அங்கேதான் வந்தது.

நான் மருத்துவர் இல்லை. புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படித் தவறாக மடிந்து திரள்கின்றன என்பதை ஆய்வகத்தில் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் சோதனைக்குழாயில் நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மனிதர்களிடம் நடந்த சோதனைகளை, வெளியான முடிவுகளைப் படிக்கத் தெரிந்தவனாகப் பேசுகிறேன். அப்பாவின் மருந்தளவை முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய நரம்பியல் மருத்துவர் மட்டுமே. சுருக்கமான பதில் முதலில்: சோதனைக்குழாயில் தடுக்கின்றன என்பது உண்மை. மனிதரிடம் நோயின் போக்கை மாற்றிய தாவரப் பொருள் இதுவரை ஒன்றுகூட இல்லை. மாத்திரையைக் குறைப்பது என்ற பேச்சே வேண்டாம். ஏன் என்பதை விளக்குகிறேன்.

பார்க்கின்சனில் திரளும் புரதம் ஆல்ஃபா-சைனுக்ளீன். 140 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். நரம்புச்செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் முனைகளில் ஏராளமாக இருக்கும். இந்த நோயாளிகளின் மூளைச்செல்களுக்குள் உருண்டையான படிவுகள் இருப்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் லூயி 1912-இல் விவரித்தார். அந்த உருண்டைகளுக்குள் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா-சைனுக்ளீன்தான் என்று தெரிய 1997 ஆகிவிட்டது. அல்சைமர் நோயில் கதை இரட்டை: செல்லுக்கு வெளியே அமிலாய்டு-பீட்டா என்ற துணுக்கு படிகிறது, செல்லுக்குள்ளே டாவ் என்ற புரதம் முறுக்கிக்கொள்கிறது. புரதங்கள் வேறு வேறு என்றாலும் திரளும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தளர்வாக அலைந்துகொண்டிருக்கும் மூலக்கூறு ஒன்று தட்டையாகிறது. அதே மாதிரி தட்டையான இன்னொன்று அதன்மேல் ஒட்டுகிறது. அடுக்கடுக்காகச் சேர்ந்து நாராக நீள்கிறது. முதல் சில மூலக்கூறுகள் ஒன்றுசேர்வதுதான் கடினம், அதற்கு நேரம் பிடிக்கும். சேர்ந்துவிட்டால், பாலில் விட்ட உறைமோர் மாதிரி அந்தச் சிறு துணுக்கு மீதிப் புரதத்தையும் தன் வழிக்கு இழுத்துவிடும்.

இந்தத் திரட்சி நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்று நியாயமாகவே ஒருவர் கேட்கலாம். காரணத்தில் அதற்குப் பங்கு உண்டு என்பதற்கு மரபணுச் சான்று வலுவானது. தெற்கு இத்தாலியின் கொன்டூர்சி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தில் பலருக்குப் பார்க்கின்சன் இருந்தது. அவர்களுடைய சைனுக்ளீன் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது 1997-இல் தெரிந்தது. 2003-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் எழுத்துப் பிழையே இல்லாமல், அந்த மரபணுவின் பிரதிகள் இரண்டுக்குப் பதில் நான்காக இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. புரதம் கூடுதலாக உற்பத்தியானதே போதுமானதாக இருந்தது. அந்தக் குடும்பத்தில் முப்பதுகளிலேயே நோய் வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று அதிகம். அமிலாய்டின் மரபணு அந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. அவர்களுக்கு அல்சைமர் இளம் வயதிலேயே வருகிறது. இவ்வளவும் உறுதி. ஆனால் செல்லைக் கொல்வது பெரிய நாரா, அது உருவாவதற்கு முந்தைய சிறு கூட்டமா என்பதில் துறைக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆலிகோமர் என்று சொல்லப்படும் சிறு கூட்டங்கள்தான் செல் சவ்வைத் துளைத்து அதிக நாசம் செய்கின்றன என்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வது சரியானால், பெரிய கட்டியைக் கரைப்பது எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. கரையும்போது வெளியே வரும் சிறு துண்டுகள் என்ன செய்யும் என்பதும் கேள்வியாகிவிடுகிறது. 'கட்டியைக் கரைக்கும்' என்ற விளம்பர வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இதுதான் தோன்றும்.

சரி, தாவரப் பொருள்களுக்கு வருவோம். கிரீன் டீயில் கேட்டகின் என்ற வகைப் பொருள்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது இ.ஜி.சி.ஜி. பெர்லினில் எரிக் வாங்கரின் குழு 2008-இல் காட்டியது என் துறையில் எல்லோரும் ஆர்வத்தோடு படித்த ஒன்று. இ.ஜி.சி.ஜி. சேர்த்தால் ஆல்ஃபா-சைனுக்ளீனும் அமிலாய்டு-பீட்டாவும் நாராகும் பாதையை விட்டு விலகி, வடிவமற்ற உருண்டைகளாகச் சேர்ந்தன. அந்த உருண்டைகள் வளர்ப்புச் செல்களுக்குப் பெரிதாகத் தீங்கு செய்யவில்லை, புதிய நார்களுக்கு விதையாகவும் மாறவில்லை. ஏற்கெனவே முதிர்ந்த நார்களையும் அது மாற்றி அமைக்கிறது என்று அதே குழு 2010-இல் காட்டியது. குர்குமின் விஷயத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். அமிலாய்டு திரள்வதைக் குர்குமின் தடுத்தது, மரபணு மாற்றிய சுண்டெலிகளின் மூளைப் படிவுகளில் போய் ஒட்டியது, படிவுகளைக் குறைத்தது. வீடியோக்காரர்கள் சொல்லும் 'நிரூபணம்' பெரும்பாலும் இந்த வகைதான். இவை பொய்யான ஆய்வுகள் இல்லை, தரமானவை. அவை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வெளியிலிருந்து தெரியாத ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நார் உருவாகிறதா என்று பார்க்க நாங்கள் அதிகம் நம்புவது தயோஃப்ளேவின்-டி என்ற சாயத்தை. நாரில் ஒட்டினால் அது ஒளிரும்; ஒளி கூடினால் நார் கூடுகிறது என்று பொருள். 96 சின்னக் குழிகள் கொண்ட தட்டில் புரதத்தை ஊற்றி, 37 டிகிரியில் குலுக்கியபடி நாள்கணக்கில் இந்த ஒளியை அளந்துகொண்டே இருப்போம். இப்போது அதில் குர்குமினைச் சேர்த்தால் என்ன ஆகும்? குர்குமின் பளிச்சென்ற மஞ்சள் நிறம். சாயத்தை ஒளிரவைக்க நாம் பாய்ச்சும் அதே நீல ஒளியைக் குர்குமினும் விழுங்கும். நார் குறையாமலே ஒளி குறைந்துவிடும். குர்குமின், குவெர்செட்டின், ரெஸ்வெரட்ரால் ஆகிய மூன்று தாவரப் பொருள்களும் இந்தச் சோதனையைத் திசை திருப்பக்கூடியவை என்று 2009-இலேயே ஓர் ஆய்வு எச்சரித்தது. அதனால் கவனமான ஆய்வகங்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நாரைக் கண்ணால் பார்க்கும். அல்லது வேகமாகச் சுழற்றி அடியில் படிந்தது எவ்வளவு, கரைசலில் மிஞ்சியது எவ்வளவு என்று அளக்கும். இ.ஜி.சி.ஜி.யும் குர்குமினும் இந்தக் கண்டிப்பான சோதனைகளிலும் தேறியவைதான். ஆனால் 'இந்த மூலிகைச் சாறு திரட்சியை 90 சதவீதம் தடுத்தது' என்று வரும் எத்தனையோ கட்டுரைகளில் சாயத்தின் ஒளி ஒன்றைத் தவிர வேறு சான்று இருக்காது. நிறமுள்ள சாறுகள் என்றால் நான் இரண்டு மடங்கு சந்தேகத்தோடு படிப்பேன்.

குர்குமினுக்கு இன்னொரு குணமும் உண்டு. உடலின் இயல்பான காரகாடித் தன்மையில், உடல் வெப்பத்தில், வெறும் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். எந்தப் புரதத்தோடு சோதித்தாலும் ஏதோ ஒரு விளைவைக் காட்டும் மூலக்கூறு அது. இப்படி எல்லாவற்றிலும் ஒட்டுகிற பொருளை மருந்தாக்குவது கடினம் என்பது மருந்து வேதியியலில் பழகியவர்கள் அறிந்ததுதான். 2017-இல் வெளியான ஒரு விரிவான மதிப்பாய்வு, பல்வேறு நோய்களுக்காக நடந்த 120-க்கும் மேற்பட்ட குர்குமின் மருத்துவச் சோதனைகளைச் சுட்டி, மருந்தில்லாத போலி மாத்திரையோடு, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் ஒப்பிட்டு நடந்தவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று முடித்தது.

அப்புறம், போய்ச் சேருவது என்ற பிரச்சினை. சோதனைக்குழாயில் நாங்கள் சேர்க்கும் குர்குமின் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் அளவில் இருக்கும். அல்சைமர் நோயாளிகள் 36 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு 2 கிராம் அல்லது 4 கிராம் குர்குமின் 24 வாரம் கொடுத்தார்கள். இரத்தத்தில் காணப்பட்ட மாறாத குர்குமின் ஒரு மில்லிலிட்டருக்குச் சராசரியாக 7 நானோகிராம் சொச்சம். கணக்குப் போட்டால் சுமார் 20 நானோமோலார், அதாவது சோதனைக்குழாய் அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு. இது இரத்தத்தில், மூளைக்குப் போக இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடையைத் தாண்ட வேண்டும். உங்கள் அப்பாவின் விஷயத்தில் இன்னும் ஒரு படி கூடுதல்: அமிலாய்டு செல்லுக்கு வெளியே படிகிறது, சைனுக்ளீன் செல்லுக்கு உள்ளே. மருந்து அந்தச் சவ்வையும் தாண்டியாக வேண்டும். மேலே சொன்ன சோதனையில் நோயாளிகளுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. அதற்கு முன் ஹாங்காங்கில் 34 பேரிடம் ஆறு மாதம் நடந்து 2008-இல் வெளியான சோதனையிலும் தெரியவில்லை.

மிளகு சேர்த்தால் சரியாகிவிடும் என்பதன் மூலமும் ஒரு நிஜமான ஆய்வுதான். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 2 கிராம் குர்குமினோடு, மிளகுச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. கேப்சூல் டப்பாக்களில் அச்சாகும் எண் இதுதான். கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததில் இருபது மடங்கு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குர்குமினைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றுகிறது. பைப்பரின் அந்த வெளியேற்றத்தைத் தடுப்பதால்தான் அளவு கூடுகிறது. அதே தடை மற்ற மருந்துகளுக்கும் பொருந்தும். உதாரணமாக, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் பைப்பரினோடு சேர்ந்தால் இரத்தத்தில் அதிகமாகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் பேசவில்லை. பல மாத்திரைகள் சாப்பிடும் ஒரு முதியவருக்குப் பிரித்தெடுத்த பைப்பரினைத் தினமும் கொடுப்பது பற்றித்தான் கவலை.

நம்பிக்கை தரும் ஒரு முடிவை மறைக்கக் கூடாது. உறிஞ்சப்படும் தன்மையை மேம்படுத்திய ஒருவகைக் குர்குமினை, டிமென்ஷியா என்ற மறதிநோய் இல்லாத 40 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 90 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை, 18 மாதம் கொடுத்து லாஸ் ஏஞ்சலஸில் நடந்த சோதனை 2018-இல் வெளியானது. நினைவாற்றல் தேர்வில் குர்குமின் எடுத்தவர்கள் முன்னேற்றம் காட்டினார்கள். ஆனால் 40 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆஸ்திரேலியாவில் 96 பேரிடம் வேறொரு வகைக் குர்குமினை 12 மாதம் கொடுத்துப் பார்த்ததில் குறிப்பிடும்படி வேறுபாடு வரவில்லை. எனவே 2018 முடிவை இன்னும் பெரிதாகச் செய்து பார்க்கத் தகுந்த ஒன்று என்ற அளவில்தான் நான் வைப்பேன். அதில் பங்கெடுத்தவர்கள் யாரும் டிமென்ஷியா நோயாளிகள் இல்லை, பார்க்கின்சனோடு அதற்கு நேரடித் தொடர்பும் இல்லை.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான சோதனை கிரீன் டீப் பொருளை வைத்து ஜெர்மனியில் நடந்தது. பார்க்கின்சனுக்கு உறவான, அதைவிட வேகமாக மோசமாகும் ஒரு நோய் உண்டு. பல மண்டலச் சிதைவு என்று சொல்லலாம். அங்கேயும் திரளும் புரதம் இதே ஆல்ஃபா-சைனுக்ளீன். 92 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இ.ஜி.சி.ஜி. நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வரை, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை, 48 வாரம். சோதனைக்குழாயில் இவ்வளவு அழகாக வேலை செய்த மூலக்கூறு, அதே புரதம், வேகமாக முற்றும் நோய் என்பதால் மாற்றம் இருந்தால் கண்ணில் படும். ஆய்வுத் திட்டம் என்ற முறையில் இதைவிட நேர்மையாகக் கேட்டிருக்க முடியாது. 2019-இல் வந்த விடை: நோயின் வேகம் குறையவில்லை. அதோடு, இ.ஜி.சி.ஜி. எடுத்த இருவருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததால் அவர்களுக்கு அதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் கேட்டகினைக் கேப்சூலாக எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லியிருந்தது. ஒரு கோப்பை கிரீன் டீயில் இருப்பது இதில் சிறு பங்குதான், எனவே தேநீர் குடிப்பதில் பயமில்லை.

மூளைக்குப் போய்ச் சேராததுதான் பிரச்சினை என்றால், போய்ச் சேரும் பொருள் ஜெயித்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. சில்லோ-இனோசிட்டால் என்பது தென்னை உள்ளிட்ட தாவரங்களில் இருக்கும் சர்க்கரை போன்ற பொருள். மூளைக்குள் நன்றாக நுழையும். அமிலாய்டு திரள்வதைச் சோதனைக்குழாயிலும் சுண்டெலியிலும் தடுத்தது. 353 அல்சைமர் நோயாளிகளிடம் 78 வாரம் நடந்த சோதனை 2011-இல் வெளியானது. அதிக அளவு எடுத்த இரண்டு பிரிவுகளில் கடுமையான பக்கவிளைவுகளும் மரணங்களும் கூடுதலாக இருந்ததால் அவற்றை நடுவிலேயே நிறுத்தினார்கள். குறைந்த அளவு எடுத்தவர்களின் தண்டுவட நீரில் அமிலாய்டு அளவு மாறியது, ஆனால் நினைவும் அன்றாடச் செயல்பாடும் மேம்படவில்லை. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ராலை 119 பேரிடம் ஓராண்டு சோதித்து 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். அங்கேயும் சில அளவீடுகள் நகர்ந்தன, நோயாளிக்கு அது பலனாக மாறவில்லை.

இவ்வளவு தோல்விக்கும் நான் முதன்மையாக நினைக்கும் காரணம் காலம். கை நடுங்கத் தொடங்கி, மருத்துவரிடம் போய், பார்க்கின்சன் என்று பெயர் வைக்கும் நேரத்தில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச்செல்களில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டிருக்கும். திரட்சி அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கியிருக்கும். கட்டியை இன்று கரைத்தாலும் இறந்த செல் திரும்பாது. தாவரப் பொருளைவிடப் பல மடங்கு துல்லியமான ஆயுதங்களும் இந்தச் சுவரில் மோதியிருக்கின்றன. ஆல்ஃபா-சைனுக்ளீனைக் குறிவைத்து ஊசி வழியாகக் கொடுக்கும் பிரசினெசுமாப், சின்பனெமாப் என்ற இரண்டு எதிர்ப்பொருள்கள் ஆரம்பநிலைப் பார்க்கின்சனில் சோதிக்கப்பட்டு, 2022-இல் இரண்டின் முடிவுகளும் ஏமாற்றமாகவே வந்தன. அல்சைமரில் லெகனெமாப் என்ற எதிர்ப்பொருள் அமிலாய்டைத் தெளிவாகவே அகற்றுகிறது. 1795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில், 18 புள்ளி கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளி அளவுக்குச் சரிவு குறைந்தது. நோய் நிற்கவில்லை, மெதுவானது. சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு இரத்தக்கசிவும் வந்தன. ஆனாலும் அது முக்கியமான முடிவு. திரட்சியைக் குறைத்தால் கொஞ்சமாவது பலன் உண்டு என்று மனிதரிடம் அது காட்டியது.

சிறு மூலக்கூறால் திரட்சியைத் தடுக்கவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். டிரான்ஸ்தைரெட்டின் என்ற இரத்தப் புரதம் சில குடும்பங்களில் திரண்டு கை கால் நரம்புகளை அழிக்கிறது. அதற்கான டஃபாமிடிஸ் என்ற மருந்து ஐரோப்பாவில் 2011-இலேயே அனுமதி பெற்றது. அது கட்டியைக் கரைப்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் புரதத்தை இறுகப் பிடித்து, அது குலைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன்கூட அந்தப் புரதத்தில் அதே இடத்தில் ஒட்டுகிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அதாவது தாவர மூலக்கூறு வழிகாட்டலாம். மருந்தாவதற்கு ஒரு புரதத்துக்கு மட்டும் ஒட்டும்படி செதுக்கப்பட வேண்டும். ஆல்ஃபா-சைனுக்ளீனுக்கு இது கடினம், ஏனென்றால் இறுகப் பிடிக்க அதற்கு நிலையான வடிவமே இல்லை. என் துறையில் பலர் இரவு பகலாக முட்டிக்கொண்டிருக்கும் இடம் அது.

இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுவதால் அல்சைமர் குறைவு என்றும் அந்த வீடியோவில் வந்ததாகச் சொன்னீர்கள். இதன் வேர் ஹரியானாவின் பல்லப்கரில் நடந்து 2001-இல் வெளியான இந்திய-அமெரிக்க ஆய்வு. 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7 பேருக்குப் புதிதாக அல்சைமர் வந்தது. பென்சில்வேனியாவில் ஒப்பிட்ட பகுதியில் 17.5. வேறுபாடு நிஜம். ஆனால் அந்த ஆய்வு மஞ்சளை அளக்கவில்லை. அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபோ-ஈ4 மரபணு வகை அந்த மக்களிடம் குறைவு. ஆயுளும் நோய் வந்தபின் வாழும் காலமும் வேறு. 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகச் சொல்கிறது. நம் வீட்டுக் குழம்பில் ஒருவருக்கு ஒரு நாளில் சேரும் மஞ்சள் ஓரிரண்டு கிராம், அதில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அந்த அளவு நம்மைக் காக்கிறது என்று சொல்லச் சான்று இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் தாவரங்கள் பயனற்றவை என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பா சாப்பிடும் லெவோடோபாவே பூனைக்காலி விதையில் இயற்கையாக இருக்கிறது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். பார்க்கின்சனுக்கு அது மருந்தாகும் என்று வியன்னாவில் தெரியவந்தது 1961-இல். அல்சைமருக்குக் கொடுக்கும் கேலன்டமைன் பனித்துளி மலர்ச் செடியிலிருந்து வந்தது. இரண்டுமே உண்மையாக வேலை செய்கின்றன. ஆனால் அவை குறைந்துபோன வேதிப்பொருளை ஈடுகட்டுகின்றன, திரட்சியைத் தொடுவதில்லை. இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடியை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அதில் லெவோடோபா எவ்வளவு என்பது பொடிக்குப் பொடி மாறும். அளவு மிஞ்சினால் தன்னறியாமல் உடல் நெளிவது, குழப்பம், இரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும்.

தாவரம் என்றாலே தீங்கு இல்லை என்ற எண்ணமும் இந்த நோயில் குறிப்பாக ஆபத்தானது. ரோட்டினோன் ஒரு தாவரப் பொருள், சில கொடிகளின் வேரிலிருந்து எடுத்துப் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்தினார்கள். அதை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தினால் மூளையில் ஆல்ஃபா-சைனுக்ளீன் திரண்டு பார்க்கின்சன் போன்ற நிலை வருகிறது என்று 2000-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். ஆய்வகங்களில் எலிகளுக்கு அந்த நோயை வரவழைக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். கரீபியன் தீவான குவாடலூப்பில், மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு வகைப் பார்க்கின்சன் அதிகமாக இருப்பது 1999-இல் பதிவானது. முள் சீத்தாப் பழமும் அதன் இலைக் கஷாயமும் அதிகம் உட்கொள்வதோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. அதில் உள்ள அன்னோனசின் எலி மூளையைப் பாதிக்கிறது என்பது உறுதி. மனிதரிடம் அதுதான் காரணம் என்பது வலுவான சந்தேகம், முடிந்த முடிவு இல்லை. தமிழ்நாட்டில் முள் சீத்தா இலைப் பொடி புற்றுநோய்க்கு என்று தாராளமாக விற்கிறது. பார்க்கின்சன் இருக்கும் வீட்டில் அதை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

வாங்கிய கேப்சூலைப் பற்றி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுக்க மாட்டேன். குர்குமின் கேப்சூலால் கல்லீரல் அழற்சி வந்த சம்பவங்கள் இத்தாலியில் 2019-இல் தொகுக்கப்பட்டன, அமெரிக்காவிலும் பதிவாகின. பல டப்பாக்களில் பைப்பரின் இருந்தது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். இது அரிதுதான். ஆனால் பலன் நிரூபணமாகாத ஒன்றுக்காக அரிய ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும்? அப்பா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சமையலில் மஞ்சள் எப்போதும் போல் இருக்கட்டும். முடிந்தால் கிழங்காக வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்காக மஞ்சளில் ஈயம் கலந்த குரோமேட் சேர்ப்பதைப் பங்களாதேஷில் ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் ஆதாரத்தோடு வெளிக்கொண்டு வந்தார்கள். ஈயம் மூளைக்கு நேரடி விஷம்.

அந்தப் பணத்தையும் அக்கறையையும் வேறு இடத்தில் வையுங்கள். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், மருந்து தொடங்காத ஆரம்பநிலைப் பார்க்கின்சன் நோயாளிகள் 128 பேரில், வாரம் மூன்று நாள் டிரெட்மில்லில் இதயத் துடிப்பு நன்றாக ஏறும்படி நடந்தவர்களின் உடல் அசைவு ஆறு மாதத்தில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வழக்கம்போல் இருந்தவர்களுக்குச் சரிந்தது. இதுவும் திரட்சியைக் குறைத்ததாக நான் சொல்ல மாட்டேன், ஆனால் நோயாளிக்குத் தெரியும் பலன். உங்கள் அப்பா நோயில் மூன்று வருடம் கடந்தவர் என்பதால் இதயத்தைச் சோதித்து, ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லும் வேகத்தில் தொடங்க வேண்டும். லெவோடோபாவைப் புரதம் மிகுந்த சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் ஒரே நேரத்தில் கொடுத்தால் அது சரியாக உடலில் சேராது; இடைவெளியை மருத்துவரிடம் கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

டப்பாவை ஏற்கெனவே திறந்து கொடுக்கத் தொடங்கியிருந்தால் பதற வேண்டாம். இன்றோடு நிறுத்திவிட்டு, எத்தனை நாள், எத்தனை கேப்சூல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது டப்பாவையே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, கல்லீரல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, பசியே இல்லாமல் போவது, காரணமில்லாத அரிப்பு இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.